முகத்துக்கு ஒரு தேதி, மார்புக்கு இன்னொரு தேதி: ராணுவத் தளபதியின் எண்ணெய் ஓவியத்தைப் படிப்பது எப்படி?

லண்டன் நேஷனல் கேலரியில் ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படம் இருக்கிறது. உயரம் 64.3 செ.மீ., அகலம் 52.4 செ.மீ. தலையும் மார்பும் மட்டும்தான், கைகூடக் கிடையாது. வரைந்தது மஹாகனிப் பலகையின் மேல். இதற்குக் குறிக்கப்பட்டிருக்கும் காலம் 1812–14. கோயாவோ வேகமாக வரைபவர். இவ்வளவு சின்னப் படத்துக்கு ஏன் இரண்டு வருடம்?

விடை வெலிங்டனின் மார்பில் இருக்கிறது. 1812 ஜூலை 22-ல் சலமாங்கா போரில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்துவிட்டு, ஆகஸ்ட் 12-ல் அவர் மாட்ரிட்டுக்குள் நுழைந்தார். செப்டம்பர் தொடக்கத்திலேயே பர்கோஸ் முற்றுகைக்குக் கிளம்பிவிட்டார். கோயாவின் முன் அவர் உட்கார்ந்தது இந்தச் சில வாரங்களில்தான். ஆனால் படத்தில் அவர் அணிந்திருக்கும் ராணுவத் தங்கச் சிலுவையை பிரிட்டன் உருவாக்கியதே 1813-ல். வெலிங்டன் 1814-ல் திரும்ப மாட்ரிட் வந்தார். கோயாவும் பழைய படத்தை எடுத்து மார்புப் பகுதியைத் திருத்தினார். முகம் 1812-ஐச் சேர்ந்தது, மார்பில் ஒரு பகுதி 1814-ஐச் சேர்ந்தது.

19-ஆம் நூற்றாண்டுத் தளபதிப் படங்களைப் பார்க்கப் பழகுகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். இந்த வகைப் படத்தில் இரண்டு வேலைகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று முகம். ஆளை எதிரே வைத்துக்கொண்டு சில மணி நேரத்தில் முடிப்பது. மற்றது உடுப்பும் பதக்கமும். அது ஆள் போன பிறகு, சட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பல சமயம் உதவியாளர் கையால், வாரக்கணக்கில் நடப்பது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் படம் பிடிபடும்.

அளவே பாதிக் கதை

பிரிட்டனில் ஓவியக் கேன்வாஸ்கள் கடையில் தயாராகக் கிடைத்தன, அளவுகளும் நிலையானவை. தலைப் படம் 24 × 20 அங்குலம். மார்பளவு 30 × 25. ஒரு கையைக் காட்ட இடம் தரும் ‘கிட்-கேட்’ 36 × 28. அரையுருவம் 50 × 40. முழுவுருவம் 94 × 58, அதாவது ஏறக்குறைய எட்டடி உயரம். ஓவியர்கள் இந்த அளவுக்கு ஏற்பத்தான் விலை சொன்னார்கள். கை வந்தால் விலை கூடும், கால் வந்தால் இன்னும் கூடும்.

அதனால் அளவைப் பார்த்ததுமே யார் பணம் கொடுத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். 30 × 25 பெரும்பாலும் வீட்டுக்கு: மனைவி, தாய், கூடவே போரிட்ட நண்பர். எட்டடிப் படம் மாளிகைக்கோ நகர மன்றத்துக்கோ அரசவைக்கோ வரைந்தது. அப்படிப் பெரிய படங்களில் அடிவானத்தை மிகத் தாழ்வாக, ஆளின் முழங்கால் அல்லது இடுப்பு உயரத்தில் வைப்பது வழக்கம். படம் உயரத்தில் மாட்டப்படும், பார்ப்பவர் அண்ணாந்து பார்ப்பார். தாழ்ந்த அடிவானம் ஆளை வானத்தின் முன் நிறுத்திவிடும். குள்ளமான தளபதிகளுக்கு இது பெரிய உபகாரம். இன்று அதே படத்தைத் தரையோடு தரையாக மாட்டினால் தொடை நீண்டும் தலை சிறுத்தும் தெரியும். ஓவியருக்கு உடற்கூறு தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

அடியிலிருந்து மேலாக

எண்ணெய் ஓவியம் அடுக்குகளால் ஆனது. முன்னால் இருந்து பார்ப்பது கடைசி அடுக்கை மட்டுமே.

மரச்சட்டம் முதலில் வரும். அதன் நான்கு மூலைகளிலும் மூலைக்கு இரண்டாக எட்டுச் சின்ன மர ஆப்புகள் இருக்கும். கேன்வாஸ் தொய்ந்தால் ஆப்பை மெல்லத் தட்டி மூலையை விரிக்கலாம். சட்டத்தின் மேல் லினன் துணியை இழுத்து ஆணியடிப்பார்கள். துணிக்கு நேரே எண்ணெய் வண்ணம் பூசக்கூடாது. எண்ணெய் காயும்போது நார்களை அரித்து மொறுமொறுப்பாக்கிவிடும். எனவே விலங்குத் தோலில் காய்ச்சிய பசை ஒரு பூச்சு. அதன் மேல் ஈய வெள்ளையும் சுண்ணமும் எண்ணெயில் குழைத்த அடிப்பூச்சு ஒன்றோ இரண்டோ. அது வெள்ளையாக இருக்கலாம், சாம்பலோ பழுப்போ கலந்திருக்கலாம்.

அடுத்தது கோடு. கரியிலோ சாக்கட்டியிலோ நீர்த்த பழுப்பு வண்ணத்திலோ உருவம் குறிக்கப்படும். இங்கிலாந்தின் தாமஸ் லாரன்ஸ் முதல் அமர்வு முழுவதையும் கேன்வாஸிலேயே தலையைச் சாக்கட்டியால் துல்லியமாக வரையச் செலவிடுவார். வண்ணம் மறுநாள்தான். கோயா வெலிங்டனைச் சிவப்புச் சாக்கட்டியில் வரைந்த ஒரு தாள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கன்னம் ஒட்டிய, களைத்த, கண் விரிந்த முகம். எண்ணெய்ப் படத்தைப் பார்ப்பவர்கள் இந்தத் தாளையும் பார்ப்பது நல்லது. போர்க்களத்திலிருந்து வந்த ஆள் அதில்தான் இருக்கிறார்.

கோட்டின் மேல் மங்கிய நிறங்களில் ஒரு அடிவண்ணம். வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று மட்டும் சொல்வது. அதன் மேல் முழு வண்ணம். அதற்கும் மேல் எண்ணெய் மிகுந்த, ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ்.

வரிசைக்கு ஒரே ஒரு கறார் விதி உண்டு: மெலிந்ததன் மேல்தான் கொழுத்தது வர வேண்டும். எண்ணெய் குறைவான வண்ணம் கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே. எண்ணெய் நீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடுக்கு நாள்பட்டுக் காயும், காயும்போது அசையும். அது கீழே இருந்து, முன்பே காய்ந்துவிட்ட விறைப்பான அடுக்கு மேலே இருந்தால், மேலடுக்கு வெடிக்கும். 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் காணும் அகன்ற வெடிப்புகளில் பெரும்பகுதிக்கு இந்த அவசரம்தான் காரணம்.

முகம்

வடக்கு நோக்கிய உயரமான ஜன்னல் பக்கம் தளபதியை ஒரு மேடையில் உட்கார வைப்பார்கள். ஐரோப்பாவில் வடக்கு வெளிச்சத்தில் நேரடி வெயில் விழாது, காலையிலிருந்து மாலைவரை நிழல் அதிகம் நகராது. தலை சற்றுத் திரும்பியிருக்கும். நேர்முகம் கடினம், மூக்கு தட்டையாகிவிடும்.

தோல் நிறத்துக்கான சரக்குப் பட்டியல் ஆச்சரியமான அளவுக்குச் சின்னது: ஈய வெள்ளை, சாதிலிங்கம் (பாதரசம் சேர்ந்த செந்நிறம்), மஞ்சள் காவி, செங்காவி, கொஞ்சம் கருப்பு. வெள்ளையில் கருப்பைக் கலந்தால் வரும் சாம்பல், சிவந்த தோலின் பக்கத்தில் நீலமாகத் தெரியும். மழித்த தாடையின் நிழல் அப்படித்தான் வருகிறது. வெயிலில் அலைந்த அதிகாரிகளுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. தொப்பி மறைத்த நெற்றி வெளுத்தும், அதற்குக் கீழே கன்னம் சிவந்தும் இருக்கும். அந்தக் கோட்டைத் துணிந்து காட்டிய ஓவியர் ஆளை நேரில் பார்த்து வரைந்திருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். பிரதி எடுப்பவர் அதை ஒரே நிறமாக மெழுகிவிடுவார்.

சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகையும்

பிரிட்டிஷ் சிவப்பு ஒரே வண்ணத்தால் வருவதில்லை. அடியில் சாதிலிங்கம் அல்லது செங்காவி; காய்ந்ததும் மேலே மஞ்சிட்டி வேரிலிருந்தோ கொச்சினீல் பூச்சியிலிருந்தோ எடுத்த சிவப்புச் சாயத்தை எண்ணெயில் கரைத்து ஒரு மெல்லிய பூச்சு. வெளிச்சம் மேல்பூச்சில் நுழைந்து அடியில் பட்டுத் திரும்பி வரும்போதுதான் கம்பளித் துணியின் ஆழம் கிடைக்கிறது.

இதில்தான் சிக்கலும். கொச்சினீல் வெளிச்சத்தில் வெளிறும். மஞ்சிட்டி அதைவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் மெல்லிய பூச்சாக இருந்தால் அதுவும் போகும். மேல்பூச்சு போய்விட்டால் கோட்டு செங்கல் நிறத்தில் தட்டையாக, மடிப்பே இல்லாமல் தெரியும். ஃபிரேமின் உதடு மறைத்திருந்த ஓரத்தில், வெளிச்சம் படாத அரை அங்குலத்தில், பழைய நிறம் அப்படியே இருக்கும். ஃபிரேமைக் கழற்றும் சந்தர்ப்பம் கிடைத்தால் பழுதுபார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

தங்கச் சரிகையில் தங்கம் துளியும் கிடையாது. தங்கத் தகடு ஒட்டினால் அது வெளிச்சத்துக்கு வெளிச்சம் மின்னி, படத்துக்குள் இருக்கும் வெளிச்சத்தோடு ஒட்டாது. பழுப்பு ஒன்று, மஞ்சள் காவி ஒன்று, அதன் மேல் ஈய வெள்ளை கலந்த வெளிர் மஞ்சளைத் தடிப்பாக, பிரஷ் நுனியால் ஒரே தட்டில் வைத்த புள்ளிகள். சரிகையில் பத்தில் ஒன்பது பங்கு மந்தமான பழுப்புதான்; மீதி அந்தப் புள்ளிகள். கோயாவின் படத்தில் காலரை அருகே போய்ப் பார்த்தால் பூவேலை எதுவும் இருக்காது, வெறும் தீற்றல். இரண்டடி பின்னால் வந்தால் சரிகை தைத்திருக்கும்.

இங்கே ஒரு சோதனை செய்யலாம். நல்ல ஓவியர் சரிகையை வளைவில் மங்கவிடுவார், தோள்மேட்டில் மின்னவிடுவார். உதவியாளர் எல்லா இழையையும் ஒரே கவனத்தோடு வரைவார். முகம் உயிரோடு இருந்து சரிகை கணக்குப் பிள்ளையின் பேரேடுபோல இருந்தால், இரண்டு கைகள் வேலை செய்திருக்கின்றன.

பொத்தானை எண்ணுங்கள்

உடுப்பு இந்தப் படங்களின் எழுத்துப் பகுதி. பிரிட்டிஷ் ஜெனரல்களில் யார் எந்தப் படிநிலை என்பதைக் கோட்டின் பொத்தான்களின் இடைவெளியே சொல்லும். முழு ஜெனரலுக்குச் சம இடைவெளியில் ஒற்றை ஒற்றையாக. லெஃப்டினன்ட் ஜெனரலுக்கு மும்மூன்றாக. மேஜர் ஜெனரலுக்கு இரண்டிரண்டாக. 1811-க்குப் பிறகு சில வருடங்கள் ஜெனரல்கள் தோளில் குஞ்சம் வைத்த எபாலெட்டை விட்டுவிட்டு, வலது தோளிலிருந்து மார்புக்குத் தொங்கும் பின்னிய பொற்கயிற்றுக்கு மாறினார்கள். கீழ்நோக்கி வளைந்த பிடியுள்ள மம்லூக் வாள் ஜெனரல்களுக்கு விதிப்படி வந்தது 1831-ல். கையில் ராணுவத்தின் உச்சப் பதவியான ஃபீல்டு மார்ஷலுக்குரிய கோல் இருந்தால், பிரிட்டனில் அது 1813-க்கு முன்னால் இருக்க முடியாது. அந்த வருடம் விட்டோரியா போரில் பிரெஞ்சு மார்ஷல் ஜோர்தானின் கோல் சிக்கியது. வெலிங்டன் அதை, அரசருக்குப் பதிலாக அப்போது ஆண்டுவந்த இளவரசருக்கு அனுப்பி வைத்தார். பதிலுக்கு இளவரசர் அவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார். பிரிட்டிஷ் கோல் ஒன்றைப் புதிதாக வடிவமைக்க வேண்டி வந்தது.

பதக்கங்களுக்கு உள்ள விதி எளியது: எந்தப் பதக்கம் ஏற்படுத்தப்பட்ட வருடத்துக்கும் முன்னால் அந்தப் பதக்கம் வரையப்பட்டிருக்க முடியாது. பிரான்சின் லீஜியன் ஆஃப் ஆனர் 1802. பிரஷ்யாவின் இரும்புச் சிலுவை 1813. வாட்டர்லூ பதக்கம் 1816, நீல ஓரமிட்ட கருஞ்சிவப்பு நாடா, சிப்பாயிலிருந்து ஜெனரல்வரை எல்லாருக்கும் ஒன்றே. விக்டோரியா சிலுவை 1856. ஸ்டார் ஆஃப் இந்தியா 1861.

இந்த விதி ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும் என்பதைத் தொடக்கக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பதக்கம் இருந்தால் அந்தப் புள்ளி வண்ணம் அந்த வருடத்துக்குப் பிந்தியது என்று மட்டுமே பொருள். முழுப் படமும் பிந்தியது என்று சொல்ல முடியாது. வெலிங்டன் படமே சாட்சி. பதக்கம் இல்லாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, அன்று அணியாமல் வந்திருக்கலாம்.

கோயா படத்தில் மூன்று நட்சத்திரங்கள் உண்டு. மேலே பிரிட்டனின் பாத் விருது. கீழே போர்ச்சுகலின் கோபுரமும் வாளும் விருது, அருகில் ஸ்பெயினின் சான் ஃபெர்னாண்டோ. கழுத்தில் தங்கக் கம்பளி விருது. மேலே உள்ள பாத் நட்சத்திரத்துக்கு நம் ஊர்ப் பக்கத் தொடர்பு இருக்கிறது. வெலிங்டன் ஆர்தர் வெல்லஸ்லி என்ற பெயரில் 1798-ல் சென்னைக்கு வந்து, 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணம் படையெடுப்பில் இருந்து, 1803-ல் அஸ்ஸாயே போரில் மராத்தியரை வென்ற பிறகு, 1804-ல் கிடைத்தது அது. ஐரோப்பாவில் பேர் எடுப்பதற்கு முன்பே இந்தியாவில் சம்பாதித்த நட்சத்திரம்.

நட்சத்திரங்கள் எப்போதும் அணிபவரின் இடது மார்பில், அதாவது பார்ப்பவருக்கு வலப்பக்கம். வாளும் அணிபவரின் இடது இடுப்பில். இரண்டும் மாறியிருந்தால் நீங்கள் பார்ப்பது கண்ணாடிப் பிம்பம். ஒன்று படத்தை அச்சிட்டவர் புரட்டிப் போட்டிருக்கிறார், அல்லது அச்சுச் செதுக்கலைப் பார்த்து யாரோ எண்ணெயில் பிரதி எடுத்திருக்கிறார். செப்புத் தகட்டில் செதுக்கியது தாளில் இடம் வலமாக மாறி விழும். கவனமில்லாத செதுக்குநர் அதைச் சரி செய்வதில்லை.

பத்து நாளுக்கு ஒரு ஜெனரல்

தளபதிப் படங்கள் எப்படி உற்பத்தியாயின என்பதற்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையின் ராணுவக் கூடத்தை விடச் சிறந்த பாடம் இல்லை. நெப்போலியனை எதிர்த்த போர்களில் இருந்த ரஷ்ய ஜெனரல்கள் எல்லாரையும் ஒரே கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது ஜார் முதலாம் அலெக்ஸாண்டரின் திட்டம். ஆங்கில ஓவியர் ஜார்ஜ் டா 1819-ல் அங்கே போனார். அலெக்ஸாண்டர் பொல்யாக்கோவ், வில்ஹெல்ம் கோலிக்கே என்ற இரண்டு உதவியாளர்கள். பொல்யாக்கோவ் அப்போது ஒரு ஜெனரலுக்குச் சொந்தமான பண்ணையடிமை. 1820-களின் இறுதிக்குள் 300-க்கும் மேற்பட்ட படங்கள். கார்லோ ரோஸ்ஸி வடிவமைத்த கூடம் 1826 டிசம்பரில் திறக்கப்பட்டபோதும் வேலை முடியவில்லை. இன்று அங்கே 332 படங்கள். ஒன்பது வருடம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சராசரியாகப் பத்து நாளுக்கு ஒன்று.

அந்த வேகம் எப்படிச் சாத்தியம்? மார்பளவுப் படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, 70 × 62 செ.மீ. கை இல்லை. பின்னணியில் மேகமோ பழுப்பு இருட்டோ. தலைநகரில் இருந்தவர்கள் நேரில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் இருந்தவர்கள் வீட்டில் இருந்த படத்தை அனுப்பினார்கள். இறந்தவர்களுக்குக் குடும்பத்தாரிடம் இருந்த சிற்றோவியமே முகம். எந்த முகமும் கிடைக்காத 13 பேருக்குப் பெயரைப் பொறித்துப் பச்சைப் பட்டு ஒட்டிய காலி ஃபிரேம் மாட்டினார்கள். அவை இன்றும் அப்படியே தொங்குகின்றன. கூடத்தில் நிஜமாக ஆளை நிறுத்துபவை அந்தப் பதின்மூன்றும்தான்.

மார்பைப் படிக்க இந்தக் கூடம் அருமையான பயிற்சிக் களம். வெளிர்நீல நாடாவில் தொங்கும், கண் பொறித்த வெள்ளிப் பதக்கம் 1812 போருக்கானது. அது இல்லாதவர் அந்த வருடப் போரில் இல்லாமல் அடுத்த வருடங்களில் வந்து சேர்ந்தவராக இருக்கலாம். பாரிஸைப் பிடித்ததற்கான பதக்கம் இன்னும் சுவாரசியம். பாரிஸ் விழுந்தது 1814-ல். பதக்கம் கையில் வந்ததோ 1826-ல், அடுத்த ஜார் காலத்தில். 1822-ல் வரைந்த முகத்தின் கீழே அது இருந்தால், வண்ணம் காய்ந்து நாலு வருடமான பிறகு யாரோ படியேறி வைத்திருக்கிறார்.

1837 டிசம்பரில் அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. சிப்பாய்கள் படங்களைச் சுவரிலிருந்து கழற்றி வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். கூடத்தைக் கட்டடக் கலைஞர் ஸ்தாசோவ் திரும்பக் கட்டினார்.

எது கெடும், ஏன் கெடும்

முதல் குற்றவாளி கீல். ஆஸ்ஃபால்ட் கலந்த பழுப்பு, பூசிய அன்று தேன்போல ஆழமாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் நிழலுக்கும் பின்னணிக்கும் அதைக் கொட்டினார்கள். அது முழுதாகக் காய்வதே இல்லை. சூட்டில் இளகும், குளிரில் சுருங்கும். மேலே உள்ள வண்ணத்தைத் தீவு தீவாகப் பிரித்து முதலைத் தோல்போல ஆக்கிவிடும். கரிய பின்னணியில் அகலமான, ஓரம் மழுங்கிய, அடியில் கருப்பு தெரியும் வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் இதுதான். இதைச் சரி செய்ய வழி இல்லை, நிரப்பித் தீட்டலாம், அவ்வளவே.

இரண்டாவது மெகில்ப். மாஸ்டிக் பிசினையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்த கூழ். பிரஷ்ஷில் வெண்ணெய்போல ஓடும், அதனால் ஓவியர்களுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. வருடங்கள் போனால் மஞ்சளாகும், வெடிக்கும். வார்னிஷ்ஷும் அதே பிசின் என்பதால், வார்னிஷ்ஷைக் கரைத்து எடுக்கும்போது வண்ணமும் சேர்ந்து பஞ்சில் வந்துவிடும். அந்தக் காலப் படங்கள் சிலவற்றில் தலைமுடியின் நிழல் வழுக்கையாகித் தெரிவது இப்படிப்பட்ட சுத்தத்தின் விளைவு.

மாஸ்டிக்கோ, குங்கிலிய வகையைச் சேர்ந்த டம்மரோ, எந்த இயற்கைப் பிசின் வார்னிஷ்ஷும் நாள்பட மஞ்சளாகிப் பழுப்பாகும். நீலப் பட்டை பச்சையாகத் தெரிந்தால், வெள்ளைக் கால்சட்டை டீக்கறைபோல இருந்தால், வண்ணத்தைக் குறை சொல்லாதீர்கள், வார்னிஷ் அது. விருதுப் பட்டையின் நிறத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயல்பவர்கள் இதில் அடிக்கடி சறுக்குவார்கள்.

துணி நைந்துபோனால் பின்னால் புதுத் துணி ஒட்டுவது பழைய வைத்தியம். மாவுப் பசை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார்கள். அழுத்தம் கூடினால் சரிகைக்காகத் தடிப்பாக வைத்த புள்ளிகள் நசுங்கித் தட்டையாகும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சரிகை மொழுமொழுவென்று இருந்தால் இஸ்திரி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஈரப்பதம் மிகுந்த ஊர்களில், சென்னை போன்ற கடலோரத்தில் குறிப்பாக, இன்னொரு தொல்லை. தூசியும் சுண்ணாம்புத் துகளும் பின்பக்கம் துணிக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் இடையே விழுந்து சேரும். ஈரத்தில் அது கட்டியாகி, முன்பக்கம் கீழ் ஓரத்தில் ஒரு வீக்கம் தெரியும். அதை முன்னாலிருந்து அமுக்கினால் வண்ணம் உதிரும். படத்தை இறக்கி, பின்னாலிருந்து எடுக்க வேண்டும்.

வீட்டில் பழைய படம் இருப்பவர்களுக்கு: உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டித் துண்டு, சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். மாவு வெடிப்புக்குள் புகுந்து பூஞ்சைக்குச் சோறு போடும். தண்ணீர் அடியிலிருக்கும் பசையை ஊதவைத்து வண்ணத்தைக் கிளப்பிவிடும். பழுதுபார்க்கும் நிபுணர்கள் மேலழுக்கை எடுக்கச் சில சமயம் பஞ்சில் சொந்த எச்சிலைத் தொட்டுப் பயன்படுத்துவது உண்மைதான், உமிழ்நீரின் நொதிகள் அழுக்கைக் கரைக்கும். அதற்காக நீங்களும் ஆரம்பிக்க வேண்டாம். எங்கே நிறுத்துவது என்பதுதான் அவர்கள் படித்த படிப்பு.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கும் விளக்குகள்

பக்கவாட்டில் பிடித்த சாதாரண டார்ச்சே பாதி வேலை செய்யும். திருத்திய இடத்தில் பழைய பிரஷ் தடம் புதுத் தடத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும். புற ஊதா விளக்கின் கீழ் பழைய பிசின் வார்னிஷ் பச்சை மஞ்சளாக ஒளிரும், அதன் மேல் பின்னால் தீட்டிய இடங்கள் கருத்த திட்டுகளாகத் தெரியும். அகச்சிவப்பு, வண்ணத்தைத் தாண்டிக் கரிக்கோட்டைக் காட்டும். எக்ஸ்ரேயில் ஈயமும் பாதரசமும் கதிரைத் தடுப்பதால், ஈய வெள்ளையும் சாதிலிங்கமும் வெள்ளையாக எழும்.

வெலிங்டனையே கோயா குதிரைமேல் வைத்து வரைந்த பெரிய படம் லண்டன் ஆப்ஸ்லி ஹவுஸில் இருக்கிறது. அதுவும் 1812-தான். எக்ஸ்ரே எடுத்தபோது வெலிங்டனுக்கு அடியில் வேறொரு குதிரைவீரர் இருந்தார். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் என்பவர்களும் உண்டு, ஸ்பெயினின் பழைய மந்திரி கோடோய் என்பவர்களும் உண்டு. யாராக இருந்தாலும், அரசியல் மாறியதால் உதவாமல் போன கேன்வாஸ். குதிரையை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார் கோயா. மூன்று வாரத்தில் ஆளுயரத்துக்கும் மேலான குதிரைப் படம் வந்த ரகசியம் அதுதான்.

சுவரின் முன் நிற்கும்போது

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஆளுநர்கள், அதிகாரிகளின் பெரிய எண்ணெய் ஓவியங்களை நேரில் பார்க்கலாம். நேர் எதிரே நின்றால் வார்னிஷ் பளபளப்பு கண்ணை மறைக்கும்; ஓரமாக நகர்ந்து, பளபளப்பு விலகும் இடத்தைப் பிடியுங்கள். முதலில் முகத்தை விட்டுவிட்டு நட்சத்திரம் எந்தப் பக்கம், பொத்தான்கள் எத்தனை எத்தனையாக, நாடாக்கள் என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சரிகை. அதன் பின் முகம். இந்த வரிசையில் போனால், பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் பட்டம் படம் வரைந்த நாளில் அவருக்கு இருந்ததா என்ற கேள்வி தானாக வரும். கோயாவின் முன் உட்கார்ந்த 1812 ஆகஸ்டில் வெலிங்டனுக்கு டியூக் பட்டம் கிடையாது. அது 1814-ல் வந்தது. பலகையில் டியூக் என்றுதான் இருக்கும்.

ஃபிரேமைக் கடைசியாகப் பாருங்கள், நம்பாதீர்கள். ஃபிரேம் மாறிக்கொண்டே இருக்கும் பொருள். மரத்தில் செதுக்கியதா, சுண்ணமும் பசையும் பிசினும் பிசைந்த மாவை அச்சில் அழுத்தி ஒட்டியதா என்று மூலைகளில் தெரியும். மாவாக இருந்தால் காய்ந்து குறுக்கே நேர்கோட்டு வெடிப்புகள் ஓடியிருக்கும். மேலிருக்கும் பித்தளைத் தகடு பல சமயம் படத்துக்கு இரண்டு தலைமுறை இளையது.

நீதிமன்றமும் ஃபிரேமையும் படத்தையும் ஒருமுறை வேறுவேறாகவே பார்த்தது. கோயாவின் வெலிங்டனை 1,40,000 பவுண்டு கொடுத்து நாட்டை விட்டுப் போகாமல் தடுத்து மாட்டிய சில நாட்களிலேயே, 1961 ஆகஸ்ட் 21-ல், அது கேலரியிலிருந்து திருடு போனது. 1965-ல் பர்மிங்ஹாம் ரயில் நிலையத்தின் பொருள் காப்பு அறையில் திரும்பக் கிடைத்தது, ஃபிரேம் இல்லாமல். தானே முன்வந்து சரணடைந்த கெம்ப்டன் பன்டன், படத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒருபோதும் எண்ணவில்லை என்று வாதாடினார். படத்தைத் திருடிய குற்றத்திலிருந்து நடுவர் குழு அவரை விடுவித்தது. திரும்பி வராத ஃபிரேமுக்காக மட்டும் மூன்று மாதம் சிறை.